தமிழ்ப் பிடிஎஃப் உடையும்போது: டெக், ஸ்கிரைபஸ் வழுக்களைக் கண்டுபிடித்துத் திருத்த ஒரு முழு வழிகாட்டி

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். அதற்கு முந்தைய வாரங்களில் போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில், காத்ர் போர்ன் என்று எந்தக் கோயில் சங்கத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கணினி முன்னால் கையேடு தயாரித்துக்கொண்டிருப்பார். தமிழ் எழுத்தில் பாடல், பக்கத்தில் அதே பாடல் ரோமன் எழுத்தில், கீழே பிரெஞ்சிலோ கிரியோலிலோ பொருள். மூன்று மொழி, இரண்டு எழுத்து, ஒரே பக்கம். இந்த வேலைக்குக் கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் டெக் குடும்பத்து மென்பொருளும், திரையிலேயே பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸும் நன்றாகவே ஒத்துவரும். காசு இல்லை, உரிமச் சிக்கல் இல்லை, அடுத்த வருடம் வேறொருவர் வந்தாலும் அதே கோப்பைத் திறந்து வேலையைத் தொடரலாம்.

ஆனால் தமிழ் எழுத்து உடையும். கொம்பு இடம் மாறும், புள்ளி விலகும், வட்டம் முளைக்கும், வரி விளிம்பைத் தாண்டி ஓடும். இங்கே இது கூடுதல் ஆபத்து. ஏனென்றால் கையேட்டை வாங்குபவர்களில் பலர் ரோமன் வரியைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். தமிழ் வரியில் பிழை இருந்தால் சொல்ல ஆள் குறைவு, அது அப்படியே அச்சேறிவிடும். 1998இல் வந்த ரூபாய் நோட்டுகளில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போனதற்காகவே மக்கள் கொதித்தெழுந்து, நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டுப் புதிதாக அச்சான நாடு இது. வரிசை மாறியதற்கே அவ்வளவு அக்கறை காட்டினோம். எழுத்தே உடைந்து வருவதை எப்படி விடுவது?

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன். வழு, அதாவது பிழை, எந்தப் படியில் பிறந்ததோ அந்தப் படியிலேயே திருத்துங்கள், மேல்பூச்சு பூசாதீர்கள். கட்டளைகள், தொகுப்புகள் ஆகியவற்றின் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் பொது முறைதான் யூனிக்கோடு. அந்த எண்களைப் பதின்ம எண்ணாகவே தந்திருக்கிறேன். பைத்தான் நிரல்மொழியில் ஆர்ட் என்ற செயற்கூறு தரும் எண் அதுதான்.

செய்யவே கூடாத ஒன்று

"தேவாரம்" என்று தட்டுகிறீர்கள். பிடிஎஃப்பில் த முதலில் வந்து, அதற்கு வலப்பக்கம் இரட்டைக் கொம்பு வருகிறது. அவசரத்தில் எல்லோருக்கும் தோன்றும் வைத்தியம், கொம்பை முதலில் தட்டி அப்புறம் த-வைத் தட்டுவது. பக்கத்தில் சரியாகத் தெரியும். கோயில் என்ற சொல்லுக்கு இன்னும் மோசம்: இரட்டைக் கொம்பு, க, துணைக்கால் என்று மூன்றாக உடைத்துத் தட்டுவார்கள்.

இது கோப்பையே கெடுக்கும் வேலை. யூனிக்கோடில் மெய்யெழுத்துக்குப் பிறகுதான் உயிர்க்குறி வர வேண்டும். கொம்பு இடப்பக்கம் தெரிவது வரையும் மென்பொருளின் பொறுப்பு. நீங்கள் வரிசையை மாற்றித் தட்டினால் அந்தக் கோப்பில் "தேவாரம்" என்ற சொல்லே இல்லை. தேடினால் கிடைக்காது, கைபேசியில் ஒட்டினால் உடையும். அடுத்த வருடம் மென்பொருளைச் சரியாக அமைத்தவர் அதே கோப்பை ஓட்டும்போது சொல்லின் முதலில் வரும் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். உடைந்த சொல்லைப் படமாக எடுத்து ஒட்டுவதும் இதே ரகம்தான். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

படி 1: ஒரு சொல் கோப்பு

நாற்பது பக்கக் கையேட்டை வைத்துக்கொண்டு வழுவைத் தேட முடியாது. புதிதாக ஒரு கோப்பு திறந்து, உடைந்த சொல்லை மட்டும் அதில் போடுங்கள். ஒரு எழுத்துரு, ஒரு சொல், அவ்வளவுதான். அட்டை வடிவமைப்பு, பக்கத் தலைப்பு, வண்ணப் பெட்டி எதுவும் வேண்டாம். ஓட்டிப் பாருங்கள்.

சொல் இப்போது சரியாக வந்தால், பிழை உங்கள் பெரிய கோப்பில் சேர்த்திருக்கும் ஏதோ ஒரு தொகுப்பில் இருக்கிறது. பாதியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், சரியானால் எடுத்த பாதியில் இருக்கிறது, ஆகாவிட்டால் மிஞ்சிய பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் சீக்கிரம் பிடிபடும். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் டெக் உருவாக்கும் துணைக் கோப்புகளை அழித்துவிடுங்கள். பொருளடக்கமும் குறுக்குக் குறிப்புகளும் பழைய கோப்பிலிருந்தே வரும் என்பதால், திருத்திய பிழை திரும்பத் திரும்பத் தெரிந்து குழப்பும்.

ஒற்றைச் சொல்லும் உடைந்தே வந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: எழுத்தின் எண்ணைப் பாருங்கள்

திரையில் தெரிவதை நம்பாதீர்கள். சொல்லைப் பைத்தானில் கொடுத்து ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் அச்சிடுங்கள். தமிழ் எழுத்துகள் 2944 முதல் 3071 வரையிலான பகுதிக்குள் வரும். அதற்கு வெளியே ஏதாவது எண் தெரிந்தால் உடனே சந்தேகப்படுங்கள். வாட்ஸ்அப்பிலும் இணையத்திலும் எடுத்து ஒட்டிய பாடல்களில் 8203, 8204, 8205 ஆகிய எண்கள் ஒளிந்திருக்கும். இவை அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத குறிகள். 8204 எண் க்ஷ என்ற கூட்டெழுத்தைப் பிரித்துவிடும். 8203 நினையாத இடத்தில் வரியை முறிக்கும், சில எழுத்துருக்களில் பெட்டியாகவும் தெரியும். கோப்பின் தொடக்கத்தில் 65279 இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், பார்க்க ஒன்றுபோல் இருந்து உள்ளே வேறாக இருப்பவை. இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவு செய்வதும் தகும்.

ஒகர, ஓகார உயிர்மெய்களை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொ என்பதில் உயிர்க்குறி 3018 என்ற ஒரே எண்ணாக இருக்கலாம், அல்லது 3014, 3006 என்று கொம்பும் காலுமாகப் பிரிந்திருக்கலாம். யூனிக்கோடு இரண்டையும் சமமாகவே கொள்கிறது, ஆனால் உங்கள் தேடல் கருவியும் சொல்லடைவும் கொள்ளாது. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பில் நார்மலைஸ் என்ற செயற்கூறுக்கு என்எஃப்சி என்று சொல்லி முழுக் கோப்பையும் ஓட்டினால் எல்லாம் ஒரே எண்ணாகிவிடும். எந்தத் தமிழ்க் கோப்பையும் அச்சுக்கு எடுக்கும் முன் நான் செய்யும் முதல் வேலை இதுதான்.

ஔகாரம் அதில் சரியாகாது. கௌமாரி என்ற பெயரில் சரியான குறி 3020. தட்டத் தெரியாதவர்கள் க, ஒற்றைக் கொம்பு, ள என்று தட்டிவிடுவார்கள். கெளமாரி, கௌமாரி: பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ள என்பது தனி எழுத்து, எண் 2995. அதனால் நார்மலைஸ் அதைத் தொடாது. கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றவும் முடியாது, மாற்றினால் தெளிவு, வெள்ளி எல்லாம் கெட்டுவிடும். கொம்புக்குப் பிறகு ள வந்து, அந்த ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பட்டியலெடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள்.

கோயில் கையேட்டில் பக்கத்துக்கு நாலு முறை வரும் ஸ்ரீ-யையும் கவனியுங்கள். ஸ என்ற எழுத்தில் (3000) தொடங்கி எழுதப்பட்டதும் உண்டு, ஶ என்ற எழுத்தில் (2998) தொடங்கி எழுதப்பட்டதும் உண்டு. 2005இல் யூனிக்கோடின் 4.1 பதிப்பில்தான் ஶ சேர்ந்தது. அதற்கு முந்தைய வழக்கப்படி தட்டப்பட்ட கோப்புகள் ஏராளம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாக வரையும், சில எழுத்துருக்கள் ஒன்றை மட்டும் கூட்டெழுத்தாக்கி மற்றதை நான்கு துண்டாக விட்டுவிடும். ஒரு பக்கத்தில் ஸ்ரீ ஒழுங்காகவும் அடுத்த பக்கத்தில் உடைந்தும் வந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கோப்பு முழுக்க அதையே வையுங்கள்.

படத்திலிருந்து எழுத்தாக மாற்றிய பழைய நூல் என்றால் ர, துணைக்கால் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கின்றனவா என்று சோதியுங்கள். எ என்ற எழுத்துக்குப் பதில் ௭ என்ற தமிழ் எண்ணும், க-வுக்குப் பதில் ௧ என்ற எண்ணும் நுழைந்திருக்கும்.

சங்கத்து அலமாரியில் கிடக்கும் பழைய கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டிருக்கும், அவ்வளவுதான். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் யூனிக்கோடுக்கு மாற்றும் வசதி உண்டு. மாற்றிய பிறகு வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிடுங்கள், முக்கியமாக மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, றகர இடங்களை.

படி 3: மென்பொருளுக்கு இது தமிழ் என்று தெரியுமா?

எண்கள் சரி, ஆனாலும் கொம்பு வலப்பக்கம் நிற்கிறது என்றால், எழுத்து வடிவாக்கம் நடக்கவில்லை. உயிர்க்குறியை இடம் மாற்றுவது, கூட்டெழுத்து அமைப்பது ஆகியவற்றைத் திறமூல உலகில் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம்தான் செய்கிறது. ஆனால் அதை அழைக்கிற மென்பொருள் "இது தமிழ் எழுத்து" என்று சொல்லியாக வேண்டும்.

டெக் குடும்பத்தின் பழைய பிடிஎஃப்-லேடெக்கில் யூனிக்கோடு தமிழை இப்படி அமைக்க வழியில்லை. அதே குடும்பத்தின் ஸீ-லேடெக் அல்லது லூவா-லேடெக்குக்கு மாறுங்கள். ஸீ-லேடெக்கில் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பின் வழியாக எழுத்துருவைக் கூப்பிடும்போது ஸ்கிரிப்ட் என்ற அமைப்புக்குத் தமிழ் என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். எழுத்துருவின் பெயர் மட்டும் போதாது. கொம்பு வலப்பக்கம் நிற்கும் பிழையில் இந்த ஒரு சொல் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லூவா-லேடெக்கில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ரெண்டரர் என்ற அமைப்புக்கு ஹார்ஃப்பஸ் என்ற மதிப்பு. அது இல்லாவிட்டால் லூவாவில் எழுதப்பட்ட வேறொரு வடிவாக்கி வேலை செய்யும், தமிழுக்கு அதை நம்ப முடியாது. லூவா-லேடெக்குக்குள் ஹார்ஃப்பஸ் இயல்பாகவே அடங்கியது, டெக் மென்பொருள்களை மொத்தமாகத் தரும் டெக்-லைவின் 2020 பதிப்பு முதல். சங்கத்துக் கணினியில் அதற்கு முந்தைய பதிப்பு கிடந்தால் வழுவைத் தேடி நேரத்தை வீணாக்காமல் பதிப்பைப் புதுப்பியுங்கள்.

ஸ்கிரைபஸ் என்றால் கேள்வி எளிது: எந்தப் பதிப்பு? 1.4 வரிசை தமிழை வடிவாக்காது. 2017இல் வந்த 1.5.3இல்தான் ஹார்ஃப்பஸை வைத்துப் புதிய எழுத்தடுக்கும் இயந்திரம் வந்தது, 2024இல் வந்த 1.6 அதன் நிலையான பதிப்பு. பழைய பதிப்பில் செய்த கோப்பைப் புதியதில் திறக்கும்போது, முன்பு கொம்பை முன்னால் தட்டி ஏமாற்றிய இடமெல்லாம் இப்போது உடையும். அது ஸ்கிரைபஸின் வழு இல்லை.

படி 4: எழுத்துருவா, மென்பொருளா?

அமைப்பும் சரி, ஆனாலும் ஒரு குறிப்பிட்ட எழுத்து மட்டும் கெடுகிறது: ஞூ-வின் சுழி வெட்டுப்படுகிறது, க் என்பதன் புள்ளி தள்ளி நிற்கிறது. இரண்டு சோதனை செய்யுங்கள்.

ஒன்று, அதே கோப்பை வேறு எழுத்துருவில் ஓட்டுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், லோஹித் தமிழ், முக்தா மலர் மூன்றும் இலவசமாகக் கிடைக்கும். ஒரு எழுத்துருவில் மட்டும் பிழை என்றால் குற்றவாளி அந்த எழுத்துரு. எல்லாவற்றிலும் ஒரே பிழை என்றால் மென்பொருள்.

இரண்டு, டெக், ஸ்கிரைபஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஹார்ஃப்பஸையே நேராகக் கேளுங்கள். அதோடு வரும் எச்பி-வியூ என்ற கட்டளைக்கு எழுத்துருக் கோப்பையும் சொல்லையும் கொடுத்தால் படம் வரைந்து காட்டும். எச்பி-ஷேப் என்ற கட்டளை, எந்த உருவை எந்த வரிசையில் தேர்ந்தெடுத்தது என்று பட்டியல் தரும். அங்கே சரியாக வந்து உங்கள் பிடிஎஃப்பில் உடைந்தால், பிழை ஹார்ஃப்பஸுக்கும் பிடிஎஃப்புக்கும் நடுவில் இருக்கிறது. அங்கேயும் உடைந்தால் எழுத்துருவிலோ ஹார்ஃப்பஸிலோ இருக்கிறது. வழு யாருடையது என்று வாதாடாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

எழுத்துருவுக்குள் தமிழ் விதிகள் இருக்கின்றனவா என்று ஓடிஎஃப்-இன்ஃபோ என்ற கட்டளையால் பார்க்கலாம். டெக்-லைவிலேயே கிடைக்கும். ஆதரிக்கும் எழுத்துமுறைகளின் பட்டியலில் தமிழே வராவிட்டால், அந்த எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும் தனிக் கதை. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் தலைப்பைத் தடிப்பாக்கினால் டெக் சத்தமில்லாமல் சாதாரண வடிவத்தைப் போட்டுவிட்டு, பதிவுக் கோப்பில் மட்டும் எச்சரிக்கை எழுதிவைக்கும். சாய்வுக்கும் அப்படியே. தமிழ் அச்சுக்குச் சாய்வு மரபு கிடையாது. பிரெஞ்சுப் பகுதியில் சாய்வாக வருவதைத் தமிழ்ப் பகுதியில் தடிப்பாகவோ மேற்கோள் குறிக்குள்ளோ காட்டுவதே சரி. செயற்கையாகச் சாய்த்தால் புள்ளியும் கொம்பும் அசிங்கமாக இருக்கும்.

வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அது வழு இல்லை. ரோமன் எழுத்துக்கு வைத்த வரி இடைவெளி நம்முடைய கூ, ஸ்ரீ போன்றவற்றுக்குப் போதாது. கொஞ்சம் கூட்டுங்கள்.

படி 5: பிரெஞ்சும் ரோமனும் சேரும் இடம்

நம்மூர்க் கையேட்டில் தமிழுக்கு அடுத்தபடி அதிகம் உடைவது இங்கேதான். தமிழ்நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்குப் பதில் கிடைக்காது.

பிரெஞ்சு அச்சு மரபில் முக்காற்புள்ளி, அரைப்புள்ளி, கேள்விக்குறி, வியப்புக்குறி ஆகியவற்றுக்கு முன்னால் இடைவெளி விட வேண்டும். டெக்கில் மொழிகளைக் கையாளும் தொகுப்புகளான பேபெலும் பாலிகிளாசியாவும் பிரெஞ்சு என்று தெரிந்ததும் அதைத் தானாகவே செய்யும். கோப்பின் முதன்மை மொழி பிரெஞ்சாக இருந்து நடுவில் தமிழ்ப் பத்தியை எழுத்துரு மட்டும் மாற்றிப் போட்டால், "முருகா !" என்று தமிழுக்கும் அந்த இடைவெளி வந்து சேரும். இடைவெளி வசதியையே அணைத்துவிட்டால் பிரெஞ்சு வரிகள் கெடும். தமிழ்ப் பத்தியை மொழி மாற்றும் கட்டளைக்குள் வையுங்கள். எழுத்துரு மாற்றம் வேறு, மொழி மாற்றம் வேறு. மொழி மாறினால் நிறுத்தக்குறி, வரிமுறிப்பு, பொருளடக்கம் போன்று தானாக வரும் தலைப்புச் சொற்கள் எல்லாம் சேர்ந்து மாறும்.

எழுத்தைப் பார்த்துத் தானாக எழுத்துருவை மாற்றும் யூகார்கிளாசஸ் என்ற தொகுப்பு ஸீ-லேடெக்கில் உண்டு. வசதிதான், ஆனால் பிரெஞ்சு இடைவெளிக்குப் பயன்படும் அதே உள் பொறியைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. இரண்டும் ஒரே கோப்பில் மோதிக்கொள்ளும். தானியங்கி மாற்றம்தான் வேண்டும் என்றால் லூவா-லேடெக்குக்கு வந்து, பேபெலில் மொழியைச் சேர்க்கும்போது ஆன்கார் என்ற அமைப்பைக் கொடுங்கள். அது எழுத்துருவோடு மொழியையும் மாற்றும்.

தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் பிரெஞ்சின் மேற்குறி எழுத்துகள் முழுமையாக இருக்காது. அப்போது அந்த இடத்தில் பெட்டியோ வெற்றிடமோ வரும், கணினி புகார் சொல்லாது. டிரேசிங்-லாஸ்ட்-கார்ஸ் என்ற அளவுருவுக்கு 3 என்று மதிப்புக் கொடுங்கள். டெக்-லைவ் 2021 முதல் இந்த மதிப்பு இருந்தால், இல்லாத எழுத்து வந்ததும் ஓட்டம் பிழையாக நின்றுவிடும். மூன்று மொழிக் கையேட்டுக்கு இது கட்டாயம் என்பேன்.

ரோமன் எழுத்தில் பாடலைத் தரும்போது ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குக் கீழ்க்கோடும் கீழ்ப்புள்ளியும் போட்ட எழுத்துகள் தேவைப்படும். கோடு எழுத்தை விட்டு விலகி நின்றால், எழுத்தும் குறியும் தனித்தனி எண்களாகத் தட்டப்பட்டிருக்கலாம். இவற்றுக்கு ஒற்றை எண் கொண்ட வடிவங்களே யூனிக்கோடில் உண்டு. முன்னே சொன்ன என்எஃப்சி ஓட்டம் இதையும் சரிசெய்துவிடும். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் எழுத்துருவை மாற்றுங்கள். ஜென்டியம் இந்தக் குறிகளுக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்ட எழுத்துரு.

படி 6: விளிம்பைத் தாண்டும் வரி

தமிழ்ச் சொற்கள் நீளம். முறிக்க இடம் தெரியாவிட்டால் டெக் சொல்லை விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டு, பெட்டி நிரம்பி வழிகிறது என்று பதிவில் எழுதும். தமிழுக்கான முறிப்பு விதிகள் டெக்-லைவில் இருக்கின்றன. மொழி தமிழ் என்று அறிவிக்கப்பட்டால்தான் அவை செயல்படும். அறிவித்த பிறகு சொல் முறியும் இடத்தில் ஆங்கிலம்போல் இணைப்புக்கோடு வரும். தமிழ் நூல்களில் கோடு இல்லாமல் முறிப்பதே பழகிய வழக்கம். ஃபான்ட்ஸ்பெக்கின் ஹைஃபன்சார் அமைப்புக்கு 8204 என்ற அகலமில்லாத குறியைக் கொடுத்தால் கோடு மறையும், எழுத்துருவில் அந்தக் குறி இருக்க வேண்டும். அதே அமைப்புக்கு "இல்லை" என்ற பொருள்படும் நன் என்ற மதிப்பைக் கொடுத்தால் கோட்டோடு சேர்ந்து முறிப்பும் நின்றுவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு வரிகளுக்கு எமர்ஜென்சி-ஸ்ட்ரெட்ச் அளவுருவைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

பாடல் வரிகளுக்கு இந்த முறிப்பு எதுவும் வேண்டாம். சீர் பிரிப்பு ஓதுபவருக்கு உரியது. பாடல் பகுதியில் முறிப்பை அணைத்து, எழுத்தின் அளவைக் குறைத்தாவது வரியை முழுசாக வையுங்கள்.

சொல்லடைவு போடுகிறவர்களுக்கு ஒரு சொல்: யூனிக்கோடு எண் வரிசை அகராதி வரிசை அல்ல. அதில் ந-வை அடுத்து ன வரும், ச-வை அடுத்து ஜ வரும். சொல்லடைவை அடுக்கும் மேக்இண்டெக்ஸில் @ குறிக்கு முன்னால் வரிசைப்படுத்தும் திறவுச்சொல்லைக் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

படி 7: பிடிஎஃப்பும் அச்சகமும்

பக்கம் அழகாக வந்துவிட்டது. ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். உடைந்து வருகிறதா? பிடிஎஃப் உள்ளே உருவங்களைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது, அதனால் நகலெடுக்கும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஸீ-டெக்கில் ஜெனரேட்-ஆக்சுவல்-டெக்ஸ்ட் என்ற அளவுருவுக்கு 1 கொடுத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் உண்மையான எழுத்துவரிசை உள்ளே சேமிக்கப்படும். லூவா-லேடெக்கில் ஹார்ஃப்பஸ் வழியாகப் போனால் தேவையான இடங்களில் தானாகவே சேரும். பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட் கட்டளையால் முழு எழுத்தையும் பிரித்தெடுத்து மூலத்தோடு ஒப்பிடலாம். கையேட்டைக் கைபேசியில் அனுப்பும் காலம் இது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதில் ஒரு பாட்டைத் தேடினால் கிடைக்க வேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் பிடிஎஃப்-ஃபான்ட்ஸ் கட்டளையால் எல்லா எழுத்துருவும் உள்ளே பொதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சகத்தில் கோப்பை ஏதாவது திருத்தும் மென்பொருளில் திறந்தால் தமிழ் மறுபடி உடைய வாய்ப்புண்டு. அதைத் தவிர்க்க, பிடிஎஃப்பை மாற்றியமைக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்டில் நோ-அவுட்புட்-ஃபான்ட்ஸ் என்ற விருப்பத்தோடு ஓட்டி எழுத்துகளையெல்லாம் வெறும் கோட்டுருவமாக்கிய தனிப் பிரதி ஒன்றைக் கொடுங்கள். அது அச்சுக்கு மட்டும். மக்களுக்குத் தேடக்கூடிய பிரதியையே அனுப்புங்கள்.

படி 8: உண்மையான வழு என்றால்

எல்லாம் பார்த்தும் பிழை மென்பொருளிலோ எழுத்துருவிலோதான் என்று உறுதியானால், உங்கள் கணினியில் மட்டும் சரிசெய்துவிட்டு நகராதீர்கள். அதே பிழை டர்பனில் ஒருவரையும் கோலாலம்பூரில் ஒருவரையும் இதே நேரத்தில் அலைக்கழித்துக்கொண்டிருக்கும்.

முதலில் இடைக்காலத் திருத்தம். கே-பி-எஸ்-இ-விச் கட்டளையால் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, உங்கள் சொந்த டெக்ஸ்-எம்எஃப் அடைவுக்கு நகலெடுத்து அங்கே திருத்துங்கள். மூல அடைவில் கை வைத்தால் அடுத்த புதுப்பிப்பில் திருத்தம் அழிந்துவிடும். லேடெக் தொகுப்புகளின் உரிமம், மாற்றிய கோப்பு தான் மாற்றப்பட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறது. தலைப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுத்துருவை ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற மென்பொருளில் திருத்தினால் உரிமத்தில் ஒதுக்கப்பட்ட பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திருத்திய எழுத்துருவைப் பகிரும்போது வேறு பெயர் வைக்க வேண்டும்.

பிறகு புகார். படி 4இல் கண்டுபிடித்தது இங்கே கைகொடுக்கும். எழுத்துருப் பிழை என்றால் அந்த எழுத்துருவின் கிட்ஹப் பக்கத்துக்கு, வடிவாக்கப் பிழை என்றால் ஹார்ஃப்பஸுக்கு, தலைப்புச் சொல் தவறு என்றால் பாலிகிளாசியாவுக்கோ பேபெலுக்கோ. ஸ்கிரைபஸுக்குத் தனி வழுப் பதிவேடு உண்டு.

பராமரிப்பவருக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். "கொம்பு தவறாக வருகிறது" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. சொல்லின் எண்களை வரிசையாகக் கொடுங்கள்: க 2965, ஓகாரக் குறி 3019. வந்திருக்கும் படம், வர வேண்டிய படம் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, தவறான இடத்தில் வட்டமிடுங்கள். வர வேண்டிய படத்தை வேறொரு மென்பொருளில் எடுத்திருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள். படி 1இல் செய்த ஒற்றைச் சொல் கோப்பை அப்படியே இணையுங்கள். எழுத்துருவின் பதிப்பு, மென்பொருளின் பதிப்பு, இயங்குதளம் மூன்றையும் எழுதுங்கள். முந்தைய பதிப்பில் சரியாக வந்தது தெரிந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், தேட வேண்டிய தூரம் பாதியாகக் குறையும். ஒரு புகாரில் ஒரு வழு மட்டும். புள்ளிப் பிழையையும் வரிமுறிப்புப் பிழையையும் சேர்த்து எழுதினால் இரண்டும் கிடப்பில் போகும்.

எது சரி என்பதை அவர்கள் உங்களிடமே கேட்பார்கள். ஸ்ரீ எப்படித் தெரிய வேண்டும், க்ஷ எப்போது பிரிய வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தமிழ் வாசிக்கிற ஆள் வேண்டும். பதிலை உடனே, அச்சு நூலின் படத்தோடு கொடுங்கள். தயக்கமில்லாமல் பேசுங்கள், உங்கள் பதிலை வைத்துத்தான் நிரலே மாறப்போகிறது.

திருத்தம் ஏற்கப்பட்டு அடுத்த பதிப்பில் வந்ததும், உங்கள் சொந்த அடைவில் வைத்த நகலை நீக்குங்கள். அது அங்கேயே கிடந்தால் புதிய கோப்பை மறைத்துக்கொண்டு, தீர்ந்த வழுவைத் திரும்பக் காட்டும். ஒற்றைச் சொல் கோப்புகளை ஒரே அடைவில் சேர்த்துவைத்து, மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம், கையேட்டைத் தொடும் முன்பே அவற்றை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.